ஏழாம் பக்கம்

ஞானபாக்கியம் 1983-இல் ராஜபாளையத்துக்குக் குடிவந்தாள். அதற்கு முந்தைய வருடம்தான் பஞ்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் தவசிமுத்துவின் வலது கை பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்தில் சிக்கி, நான்கு விரல்கள் போயின. கட்டை விரல் மட்டும் மிஞ்சிய கைக்கு ஆலையில் வேலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் இருவரும் இருந்தார்கள். அவள் தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியும் புண்ணில் வைக்கும் காஸ் துணியும் தயாரிக்கும் சோலைராஜ் தன் கம்பெனிக்கு டைப்பிஸ்ட் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு டவுன் பஸ் ஏறிப் போனாள்.

சோலைராஜ் ஒரு கடிதத்தை அடித்துக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "ஊட்டுக்காரர் என்ன பண்ணுதாரு?" என்று கேட்டார். சொன்னாள். அவர் கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தார்.

"கேட்டுல உக்கார ஒரு ஆளு வேணும். அவரையே வரச் சொல்லுங்க. குடோனுக்குப் பின்னால ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்கு. சாமான எடுத்துட்டு வந்துருங்க."

அப்படி ஒரே நாளில் அவளுக்கு வேலையும், கணவனுக்கு ஒரு நாற்காலியும், இருவருக்கும் வீடும் கிடைத்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஞானபாக்கியம் முதலாளியின் பேரைச் சொல்லி ஜெபம் செய்தாள். அவர் இந்து என்பதால் அது செல்லுமா என்று தவசிமுத்து கேட்டான்.

சோலைராஜ் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் ஒன்று தெரியவில்லை என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. 1984-இல் சலவைத் தொட்டியிலிருந்து வந்த துணி இரண்டு மாதம் மஞ்சளடித்தது. யார் யாரையோ கேட்டார். கடைசியில் கிணற்று நீரில் இரும்பு கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த ஒரு வாட்டர் டேங்க் ஆபரேட்டர். ஒவ்வொருவனிடமும் தெரிந்தது ஒன்று இருக்கிறது, கேட்க ஆள் இல்லாமல் அது அவனோடேயே போய்விடுகிறது என்ற எண்ணம் சோலைராஜை விடவில்லை. அந்த வருடம் தீபாவளி கழிந்து 'தெரிந்தவர் மடல்' என்று ஒன்றைத் தொடங்கினார். யாரும் கேள்வி எழுதிப் போடலாம். தெரிந்தவர் பதில் எழுதலாம். மாதம் ஒருமுறை இரண்டையும் ஸ்டென்சில் தாளில் டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் மெஷினில் நகலெடுத்து உறுப்பினர்கள் எல்லோருக்கும் புக் போஸ்ட்டில் அனுப்புவது. முதல் மாதம் முப்பது பேர். மூன்றாம் வருடம் சிவகாசியிலிருந்து தென்காசி வரை நானூறு பேருக்கு மேல். முகப்பில் 'ஆசிரியர்: சோலைராஜ்' என்று இருக்கும்.

கேள்விகள் சின்னவைதான். ஆடிக் காற்றில் நூல் ஏன் அதிகம் அறுகிறது. பால்கோவா இரண்டாம் நாள் ஏன் புளிப்பு வாடை அடிக்கிறது. அப்பா பேரிலிருக்கும் பட்டாவை மாற்ற எந்த ஆபீசுக்கு முதலில் போக வேண்டும். பதில்கள்தான் நீளம். ஒருவர் பட்டா மாற்றத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஜமீன் ஒழிப்பிலிருந்து ஆரம்பிப்பார். பால்கோவாக் கடைக்காரர் பாலைப் பற்றிச் சொல்லும் முன் மாட்டைப் பற்றியும், மாட்டுக்கு முன் தன் தகப்பனாரைப் பற்றியும் மூன்று பக்கம் எழுதுவார். எல்லாருமே 'தங்கள் மடல் கண்டு அளவிலா மகிழ்ச்சி அடைந்தேன்' என்றுதான் தொடங்குவார்கள்.

முதலில் ஞானபாக்கியம் அவற்றை வந்தபடியே டைப் அடித்தாள். ஒரு மாத மடல் நாற்பத்திரண்டு பக்கம் வந்தது. தபால் ஆபீசில் தராசு முள் போன இடத்தைப் பார்த்துவிட்டு சோலைராஜ் வந்து, "எட்டுப் பக்கத்துக்கு மேல போகக் கூடாது. முக்கியமானத மட்டும் போடுங்கம்மா" என்றார். எது முக்கியம் என்று அவர் சொல்லவில்லை. அதன் பிறகு கேட்கவும் இல்லை.

சுருக்கும் வேலை அவள் கைக்கு வந்துவிட்டது. கடிதத்தை முதலில் சும்மா வாசிப்பாள். இரண்டாம் முறை பென்சிலை வைத்துக்கொண்டு, கேள்வி கேட்டவனுக்கு வேண்டிய வரிக்கு அடியில் கோடு போடுவாள். மூன்றாம் முறை கோடு போட்டதை மட்டும் வாசித்து, இடையில் அறுந்த இடங்களைத் தன் வாக்கியத்தால் ஒட்டுவாள். பால்கோவாக்காரர் எழுதிய ஐந்து பக்கத்தில் மொத்தம் இரண்டு வரிதான் இருந்தது: சூட்டோடு மூடி வைக்காதே, மூடியில் கோத்த வேர்வை உள்ளே சொட்டும். அந்த இரண்டு வரியையே போட்டாள். கேள்வி கேட்டவர் அடுத்த மாதம் நன்றி எழுதினார், கடைக்காரருக்கு.

நானூறு பேரையும் அவர்கள் சுற்றிவளைக்கும் தினுசை வைத்தே அவளுக்குத் தெரியும். யார் வரிக்கு வரி 'மேற்படி' போடுவார், யார் பெண்டாட்டியைக் குறை சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருவார், யாருக்கு ஒன்றும் தெரியாமலே ஆறு பக்கம் போகும் என்பதெல்லாம் அத்துப்படி. அவளை அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவள் இருந்தது பிளைவுட் அடைத்த ஒரு சிறிய அறை. டைப்ரைட்டர் மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் நாற்காலியைப் பின்னால் தள்ள இடம் கிடையாது, பக்கவாட்டில் எழுந்துதான் வெளியே வர வேண்டும். ஜன்னல் வழியே சஞ்சீவி மலை தெரியும் என்று முதல் நாள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் ஜன்னலுக்கும் மலைக்கும் நடுவில்தான் சலவைத் துணி காயப்போடும் களம். துணி காயும் நாளெல்லாம் ஜன்னல் முழுக்க வெள்ளை. கம்பெனி ஓடாத நாளில்தான் மலை தெரியும். அன்றைக்கு அவள் அந்த அறையில் இருக்க மாட்டாள்.

மடலைப் பாராட்டி வரும் கடிதங்கள் சோலைராஜ் பேருக்கு வரும். 'ஆசிரியர் எழுத்தில் ஒரு சொல் மிகை இல்லை' என்று ஒரு வக்கீல் எழுதியிருந்தார். சோலைராஜ் அதை அவளிடமே வாசித்துக் காட்டினார். முதல் இரண்டு வருடம் அப்படி வாசிக்கும்போது சிரித்துக்கொண்டே, "எல்லாம் நீங்க பண்ணதுதாம்மா" என்று சேர்த்துக்கொள்வார். பிறகு அதைச் சொல்வது நின்றது. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தானே எழுதுவதாக மெல்ல மெல்ல நம்பத் தொடங்கிவிட்டார்.

திட்டும் அவர் பேருக்குத்தான் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐயாதுரை என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒரு நாள் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஒம்போது பக்கம் எழுதி அனுப்பிச்சேன். எட்டு வரி வந்திருக்கு. மிச்சம் எங்க போச்சு?"

"இடம் பத்தலைங்க சார்" என்றார் சோலைராஜ்.

"இடம் பத்தலைன்னா பக்கத்தைக் கூட்டணும். என் கையை வெட்டக் கூடாது."

பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் ஞானபாக்கியம் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஒன்பது பக்கத்தை அவள் நான்கு முறை வாசித்திருந்தாள். எழுந்து போய் எதை ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் முதலாளி முகம் என்னவாகும் என்றும் தெரிந்தது. ஐயாதுரை படியிறங்கிப் போனபின் மறுபடி டைப் அடிக்கத் தொடங்கினாள்.

1987-இல் அவளுக்கு ஒரு வழி திறந்தது. சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். ராமநாதபுரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள். அவர் முழுதும் வாசித்தார்.

"கவருமெண்டு வேல. நல்லாருங்கம்மா. ரூமை எப்பக் காலி பண்ணுவீக?" கொஞ்சம் பொறுத்து, "கேட்டுக்கும் நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்" என்றார். கோபமே இல்லை. வரிசையாக யோசித்துச் சொன்னார், அவ்வளவுதான்.

வீட்டில் தவசிமுத்து உத்தரவை இடது கையால் வாங்கிப் பார்த்தான். "நீ போ. நான் எங்கனயாச்சும் இருந்துக்கிடுதேன்" என்றான். எங்கே இருப்பான் என்று இருவரும் பேசவில்லை. அவன் சட்டைப் பொத்தானைத் தினமும் காலையில் அவள்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். ராமநாதபுரத்தில் வீடு பிடித்து, முன்பணம் கொடுத்து, வேலையில்லாத அவனை அங்கே உட்கார வைப்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. சேர வேண்டிய கடைசித் தேதி ஒரு புதன்கிழமை. அன்றைக்கு அவள் பிளைவுட் அறையில் மடலுக்கு ஸ்டென்சிலில் ஆறு பக்கம் அடித்தாள்.

1989 மாசி மடலில் ஒரு விவசாயி கேட்டிருந்தார்: நெடுநாள் இறங்காத கிணற்றில் தூர் வார இறங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்? பதில் எழுதியவர் வேலுசாமி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே தோட்டம் வைத்திருந்தவர். மடலுக்கு எழுதியவர்களிலேயே நீளமான மனிதர் அவர்தான். மழை பெய்ததா, எருமை சினையா, மகள் எத்தனையாவது படிக்கிறாள் என்று சொல்லாமல் விஷயத்துக்கு வர மாட்டார். இந்தத் தடவை பதினோரு பக்கம். விளக்கை இறக்கிப் பார்க்கும் முறை ஆறாம் பக்கத்தில் இருந்தது. 'அணையாமல் எரிஞ்சால் கொஞ்சம் தைரியம்தான், ஆனால்' என்று எழுதி, அந்த இடத்தில் தன் மச்சினன் கல்யாணத்தில் நடந்த சண்டைக்குத் தாவிவிட்டார். அது பத்தாம் பக்கம்வரை போயிற்று.

பங்குனி மடலுக்குப் பக்க நெருக்கடி. ஞானபாக்கியம் பென்சிலை 'ஆனால்' என்ற இடத்தில் நிறுத்தினாள். மச்சினன் கல்யாணத்தை முழுதும் எடுத்தாள். மடலில் வந்தது இவ்வளவு: 'எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்குக. அணைந்தால் இறங்கக் கூடாது. அணையாமல் எரிந்தால் காற்று நல்லது, இறங்கலாம்.' கடைசி மூன்று சொற்கள் வேலுசாமியுடையவை அல்ல. வாக்கியம் முடிய வேண்டும் என்பதற்காக அவள் சேர்த்தவை. சுருக்கமாக, நன்றாக வந்திருப்பதாகவே அன்றைக்கு நினைத்தாள்.

வைகாசியில் ஒரு இன்லேண்டு லெட்டர் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து. எழுதச் சொன்னவள் முத்தாத்தாள் என்ற பெண். ஊர் டீக்கடையில் ஒட்டியிருந்த மடலை வாசித்துவிட்டு அவள் கணவன் சோலைச்சாமியும் கொழுந்தனும் விளக்கை இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். கால் மணி நேரம் நன்றாக எரிந்திருக்கிறது. இறங்கியிருக்கிறார்கள். தண்ணீரை வெளியே எடுக்கக் கிணற்றின் உள்படியில் டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சோலைச்சாமி அடியிலேயே சரிந்துவிட்டான். கொழுந்தனைக் கயிறு போட்டுத் தூக்கினார்கள், அவன் பிழைத்துக்கொண்டான். கடிதம் யாரையும் குற்றம் சொல்லவில்லை. 'வெளக்கு அணையலை. தாள்ல போட்டிருந்தபடித்தான் செஞ்சாக. பொறவு ஏன் இப்பிடி ஆச்சு? தெரிஞ்சவுக யாராச்சும் சொல்லுங்க' என்று முடிந்தது. மடலுக்கு வரும் மற்ற கேள்விகளைப் போலவே மடித்த தாளின் வெளிப்பக்கம் 'கேள்வி' என்று எழுதியிருந்தது.

அசல் கடிதங்களை அவள் எறிவதில்லை. காஸ் அடுக்கும் அட்டைப்பெட்டிகளில் மாதவாரியாகப் போட்டு வைத்திருந்தாள். பங்குனிப் பெட்டியை இறக்கி, வேலுசாமியின் கடிதத்தை எடுத்து, அவள் பென்சில் நின்ற இடத்திலிருந்து வாசித்தாள். ஏழாம் பக்கத்தில் இருந்தது. கல்யாணச் சண்டையில் கோபித்துக்கொண்டு போன மச்சினன் யார் சொல்லையும் கேட்காமல் தன் கிணற்றில் இறங்கியிருக்கிறான். 'விளக்கு ஜோராய் எரியுது. எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்தது. அந்தப் புகையில் விஷம் இருக்கு, வாடை தெரியாது, விளக்கையும் அணைக்காது. ஆளைச் சாய்ச்சிடும். எஞ்சினை நிறுத்தி, அரை நாளாவது காத்து விட்டுத்தான் இறங்கணும். இதை மட்டும் எல்லாருக்கும் சொல்லுங்க.'

அந்தப் பக்கத்தில் அவள் போட்ட பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை. வாசித்த ஞாபகம் இருந்தது. கல்யாணச் சண்டை என்று மனம் முடிவு கட்டியபின் கண் மட்டும் வாசித்துப் போயிருந்தது.

இரண்டு கடிதங்களையும் முதலாளியின் மேஜையில் வைத்தாள். சோலைராஜ் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி வாசித்தார்.

"அவிய ஊரு எங்கிட்டு இருக்கு?"

"மம்சாபுரத்துக்கு மேக்க."

"புள்ளைக உண்டா?"

"எழுதலை."

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். திரும்பியபோது முகம் மாறியிருந்தது. "இதுக்கு மடல்ல பதில் வேண்டாம். எடுத்து வச்சிருங்க."

"கேள்வியா அனுப்பியிருக்காக முதலாளி."

"போட்டா என்ன ஆகும்னு தெரியுமா? போலீசு, கோர்ட்டுன்னு அலையணும். நானூறு பேரும் நம்ம தாளைத் தொட மாட்டான். முகப்புல என் பேருல்லம்மா இருக்கு."

"நான்தான வெட்டுனேன். என் பேரைப் போட்டுக்கிடுங்க."

"உங்க பேரு எதுக்கு வருது? ஆசிரியர் நான்." அவர் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "போயி வேலையப் பாருங்க."

அறைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். தப்புச் செய்தது அவள். அதைச் சொல்லும் உரிமை அவளிடம் இல்லை. நான் செய்யவில்லை என்று மறைக்க வேண்டிய அவசியம்கூட இல்லாதபடி அவள் அங்கே இல்லாதவளாக இருந்தாள். இத்தனை வருடத்தில் முகப்பில் தன் பேர் வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதில்லை. இப்போது அது வேண்டியிருந்தது.

நடந்ததையும், பதிலை மடலில் போடப்போவதையும் சாயங்காலம் தவசிமுத்துவிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். "ஏட்டி, வேண்டாம். அவரு நமக்குச் செஞ்சதை நெனச்சுப் பாரு. கோவம் வந்து போங்கன்னு சொல்லிட்டா எங்கிட்டுப் போறது?"

"இன்னும் எத்தனை கெணத்துல எஞ்சின் ஓடுதோ. சித்திர வைகாசிதான தூர் வாருவாக."

"மடலு அவரு பாக்காமயா போகும்?" என்று தவசிமுத்து கேட்டான்.

"போனப்பொறவுதான் பாப்பாரு."

அது இருவருக்கும் தெரிந்த விஷயம். சோலைராஜுக்கு மடல் மற்றவர்களுக்குப் போவது போலவே தன் வீட்டு விலாசத்துக்கும் தபாலில் வர வேண்டும். தபால்காரர் கையிலிருந்து வாங்கி, ஊஞ்சலில் உட்கார்ந்து வாசிப்பார். ஸ்டென்சிலை அவர் ஒருபோதும் பார்த்ததில்லை.

அந்த மாத மடலில் ஒரே ஒரு கேள்வியும் ஒரே ஒரு பதிலும் இருந்தன. முத்தாத்தாளின் கடிதம், அவள் சொன்னபடியே. அடுத்து வேலுசாமியின் பதினோரு பக்கமும், எருமையிலிருந்து மகள் படிப்புவரை ஒரு சொல் விடாமல். நெருக்கி அடித்து எட்டுப் பக்கத்துக்குள் கொண்டுவந்தாள். கடைசியில் மூன்று வரி: 'பங்குனி மடலில் இதன் ஏழாம் பக்கத்தை வெட்டியது நான். காற்று நல்லது, இறங்கலாம் என்பது நான் எழுதியது. வேலுசாமி ஐயா எழுதியது அல்ல. ஞானபாக்கியம், டைப்பிஸ்ட்.' பேக்கிங்கில் வேலை பார்க்கும் மாரியாத்தாள்தான் வழக்கமாக மெஷினைச் சுற்றித் தருவாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நானூறு பிரதியையும் எண்ணி அடுக்கித் தந்துவிட்டுப் போனாள்.

தபாலில் போட்ட மூன்றாம் நாள் காலையில் சோலைராஜ் வந்தார். சத்தம் போடவில்லை. பிளைவுட் கதவைத் திறந்து, உள்ளே வர இடமில்லாததால் வாசலிலேயே நின்றார்.

"அஞ்சு வருசமா நான் ஒண்ணும் எழுதலைன்னு ஊருக்கே சொல்லிட்டீங்களேம்மா."

அவள் எதிர்பார்த்தது போலீசும் கோர்ட்டும். அவருக்கு வலித்தது வேறு இடத்தில் என்று அப்போதுதான் தெரிந்தது. "ரூமைக் காலி பண்ணிருதோம் முதலாளி" என்றாள்.

"காலி பண்ணிட்டு எங்க போவீக? இருங்க." அதை இரக்கத்தில் சொன்னாரா, தண்டனையாகச் சொன்னாரா என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவள் பேருக்குத் தபால் வரத் தொடங்கியது. கிணற்றிலிருந்து எஞ்சினை மேலே ஏற்றிவிட்டதாகப் பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். அதைவிட அதிகம் பேர் தங்கள் கடிதங்களை எங்கெங்கே வெட்டினாள் என்று கேட்டு எழுதினார்கள். ஐயாதுரை ஒரு கார்டில் இரண்டே வரி எழுதினார்: 'என் ஒன்பது பக்கத்தைத் திருப்பி அனுப்பவும். வேறொன்றும் வேண்டாம்.' வேலுசாமியும் எழுதியிருந்தார். அவர் கடிதம் முதல் தடவையாக அரைப் பக்கம்தான். சாவு செய்தி கேட்ட நாளிலிருந்து, எஞ்சினைப் பற்றி எழுத மறந்துவிட்டோமோ என்று தூக்கம் வராமல் கிடந்ததாகவும், எழுதியிருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிந்தது என்றும் சொல்லியிருந்தார்.

ஆனி மாதம் முத்தாத்தாள் பஸ் ஏறி வந்தாள். முப்பது வயது இருக்கும். கூட யாரும் இல்லை. கேட்டில் தவசிமுத்து பேரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டான். குடோனுக்குப் பின்னால் வீட்டுக்குக் கூட்டிவந்து பாய் விரித்தான். ஞானபாக்கியம் வந்து எதிரில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

முத்தாத்தாள் மடியிலிருந்து மடலை எடுத்தாள். "எனக்கு எழுத்து தெரியாது. ஊருல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாக. நீங்க வாசிங்க. முழுசா வாசிங்க."

ஞானபாக்கியம் வாசித்தாள். மழை, எருமை, மகள் படிப்பு, விளக்கு. கல்யாணச் சண்டை வந்தது. மச்சினன் இலையில் அப்பளம் வைக்கவில்லை என்று பந்தியிலிருந்து எழுந்த இடத்தில் முத்தாத்தாளின் உதடு லேசாக விரிந்தது. எங்க வீட்டு ஆளும் அப்படித்தான், பந்தியில் சொணங்குவாக என்றாள். அந்த மச்சினன் கோபத்தோடு கிணற்றுக்குப் போகும் இடம் வந்ததும் சேலையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். வாசித்து முடிந்தது.

"இந்தாளு நல்லாத்தான சொல்லியிருக்காரு" என்றாள் முத்தாத்தாள். "இதுல எதை வேண்டாம்னு வெட்டுனீக?"

ஞானபாக்கியம் அழுதாள். முத்தாத்தாள் ஆறுதல் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மூணு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்குல்ல?" என்று கேட்டாள். தவசிமுத்து பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தான்.

சோலைராஜ் புது உத்தரவு போட்டார். இனிமேல் எதையும் வெட்டக் கூடாது, வந்தது வந்தபடி போக வேண்டும். பக்கம் நாற்பது, ஐம்பது என்று போயிற்று. இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றானது. வாசிக்க முடியவில்லை என்று ஆட்கள் விலகினார்கள். ஒரு வருடத்தில் நானூறு பேர் நூற்று எழுபது ஆனார்கள். ஒரு காலையில் சோலைராஜ் பிளைவுட் கதவருகே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "பழையபடி செஞ்சிருங்கம்மா" என்றார்.

பழையபடி செய்ய அவளால் முடியவில்லை. ஒரு வரியை வெட்டப் பென்சிலை எடுத்தால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் சரிவது தெரியும். பால்கோவாக் கடிதத்தைக்கூட ஏழு முறை வாசித்தாள். ஒரு நாள் முழுக்க ஒரு பத்தியோடு உட்கார்ந்திருப்பாள். வெட்டாமல் விட்டால் யாரும் வாசிக்கப் போவதில்லை, அதுவும் வெட்டியது போலத்தான். இரண்டுக்கும் நடுவில் அந்த நாற்காலியில் இன்னும் ஆறு வருடம் இருந்தாள். அரசு வேலைக்கு வயது தாண்டிவிட்டது. முகப்பில் 'ஆசிரியர்: சோலைராஜ்' என்றே வந்துகொண்டிருந்தது. அவரும் அவளும் அந்த வைகாசியைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டிலிருந்து சேலையும் வேட்டியும் வந்தன.

கடைசியில் அவளை வெளியே கொண்டுவந்தது முதலாளி மகனின் கம்ப்யூட்டர்தான். 1996-இல் சோலைராஜ் பக்கவாதத்தில் விழுந்தார். மகன் பொறுப்பேற்றான். ஏற்றுமதி ஆர்டர் வந்திருந்தது. கம்ப்யூட்டர் வாங்கினான், மடலை நிறுத்தினான், குடோனைப் பின்பக்கம் நீட்ட வேண்டும் என்று ரூமைக் காலி செய்ய மூன்று மாதம் தவணை கொடுத்தான். மரியாதையாகத்தான் சொன்னான். தவசிமுத்து அன்றைக்கு முழுக்க கேட் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஞானபாக்கியத்துக்குப் பயமாக இருந்தது. பதின்மூன்று வருடமாகப் பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டதே, இனி அதற்குப் பயப்பட வேண்டாமே என்று தோன்றியதும் அந்தப் பயத்தோடேயேதான் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கே திரும்பினார்கள். தவசிமுத்துவுக்கு ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது, அதற்கு ஒரு கை போதும். ஞானபாக்கியம் பழைய டைப்ரைட்டர் ஒன்றை வாங்கி, கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் தகரக் கூரைக்குக் கீழே மனு அடித்துக் கொடுக்கும் ஆட்களோடு உட்கார்ந்தாள். பக்கத்து மேஜை கிருபாபாய் ஒரு மனுவைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவாள். இவளுக்கு அரை மணி ஆகும். அதனால் இவளிடம் ஆள் குறைவு.

இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம், வரப்புத் தகராறுக்காக சுடலைமாடத்தி என்று ஒரு வயதான பெண் வந்திருந்தாள். பங்காளி எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போட்டதைச் சொல்ல ஆரம்பித்து, அவர்கள் வீட்டு ஆடு தன் அவரைக் கொடியைத் தின்றதில் வெகு நேரம் நின்றுவிட்டாள். ஞானபாக்கியம் அடித்ததை நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினாள். வக்கீல் குமாஸ்தா தள்ளி நின்று, ஒரு பக்கத்தில் முடிங்கம்மா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

"ஆட்டை எடுத்துரவா ஆச்சி?"

சுடலைமாடத்தி யோசித்தாள். "எடுத்துருங்க" என்றாள். ஆடு இல்லாமல் தாள் உருளையில் ஒரு வரி ஏறியது. "இல்ல தாயி, இருக்கட்டும். ஆடு வந்த வழியிலதான கல்லு இருந்துச்சு."

ஞானபாக்கியம் தாளை உருவிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினாள்.